புதுப்பிப்பு: அம்மாவின் தோல் கைப்பையில் பூசணம்

பினாங்கு வீட்டு அலமாரியில் அம்மாவின் தோல் கைப்பை வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, பை பிழைத்துக்கொண்டது.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துக் காய்ந்த துணியால் துடைத்தேன். அறைக்குள் துடைத்தால் அந்தத் தூள் அடுத்த பையில் போய் உட்காரும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிறம் போகிறதா என்று அடிப்பக்கத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் மேலாகத் துடைத்தேன். கைப்பிடித் தையல் இடுக்கில்தான் நிறைய ஒளிந்திருந்தது. பழைய பல் துலக்கி கைகொடுத்தது. நிழலில், மின்விசிறிக் காற்றில் காய்ந்த பிறகு கொஞ்சம் தோல் கிரீம், அவ்வளவுதான். வெயிலில் வைக்கச் சொன்ன அண்ணன் கோபிக்க வேண்டாம், தோல் வறண்டு வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் தலைக்கே இருக்கட்டும்.

இப்போது பை இருப்பது பருத்தித் தலையணை உறையில், ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. தண்ணீர் சேருமே, அந்த ஈர உறிஞ்சி டப்பா, அதைத் தோலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. சிந்தினால் தோல் சுருங்கி இறுகிவிடும்.

உரிந்து உரிந்து விழும் பையைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அது பியூ (PU), அதாவது பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல், நிஜத் தோலே இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் மேல்பூச்சு சிதைகிறது. எந்தக் கிரீமும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது.