எபிடூரல் போட்டா ஆயுசுக்கும் முதுகுவலியா?

தலைப்பிரசவம்_திருச்சி:
அக்காமாரே, எனக்கு 35-வது வாரம். வேணும்னா பிரசவ வலி குறைய முதுகுல போடுற எபிடூரல் ஊசி போட்டுக்கலாம்ங்கிறார் டாக்டர். அத்தையோ, "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் எந்திரிக்க முடியாது"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அம்மா, பொய்வலியா மெய்வலியான்னு பாக்க இப்பவே சீரகத்தை வறுத்து வச்சாச்சு. போட்டவங்க சொல்லுங்க.

லேபர்வார்டு_சிஸ்டர்:
தங்கச்சி, தினமும் இதைத்தான் பாக்குறேன். பிரசவத்துக்கு அப்புறம் இடுப்புவலி ஊசி போட்டவளுக்கும் வருது, போடாதவளுக்கும் வருது. நாள்பட்ட வலி ஊசியால கூடுறதில்லைன்னு ஆய்வுகள்ல பாத்தாச்சு. குத்துன இடம் சில நாள் நோகும். கூன் போட்டு உக்காந்து பால் கொடுக்கிறதை மட்டும் எந்த மாமியாரும் குத்தம் சொல்றதில்ல!

தலகாணியைக் கட்டிப்பிடிச்சு முதுகை வளைக்கச் சொல்வாங்க. முதல்ல மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அப்புறம் பெரிய ஊசி வழியா மெல்லிசா ஒரு ட்யூபை விட்டுட்டு ஊசியை உருவிடுவாங்க. ஊசி உள்ளயே இருக்கும்னு நெனச்சுத்தான் பாதிப் பேர் பயப்படுறாங்க. குத்தும்போது ஆடக் கூடாது. வலி எடுத்தா "டாக்டர், வருது"ன்னு வாய்விட்டுச் சொல்லு, அது அடங்குற வரைக்கும் நிறுத்துவாங்க. மருந்து பிடிக்க 20 நிமிஷம் ஆகும்.

பிபி இறங்கலாம், உடம்பு அரிக்கலாம், ஒண்ணுக்கு வர்றது தெரியாது, முக்குற நேரம் நீளலாம். சுமார் 100 பேர்ல ஒருத்தருக்குக் கடுமையான தலைவலி வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. பிளேட்லெட் குறைவா இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுத்தாலோ இப்பவே சொல்லிடு.

நீ கேக்க வேண்டிய கேள்வியே வேற: ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த ஊசி போடுற மயக்க டாக்டர் ஆஸ்பத்திரிலயே இருப்பாரா, கூப்பிட்டு வரணுமா? பல இடத்துல எபிடூரல் பகல்லதான் கிடைக்கும்.

ரெண்டு_பிள்ளைக்காரி:
நான் ரெண்டுமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலதான். ஊசி கிடையாது. துணைக்கு ஒரு பொம்பளையாளை உள்ள விட்டாங்க, சித்தி வந்தாங்க. வலி எடுக்குறப்பல்லாம் இடுப்புக்குக் கீழ உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சாங்க. வலி போகாது, தாங்குற மாதிரி இருக்கும். படுத்தே கிடக்காம வராண்டால நடந்ததும் நல்லா இருந்துச்சு. துணைக்கு யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சு வை, அழுற ஆளு வேண்டாம்.

தலைப்பிரசவம்_திருச்சி:
அப்ப எங்கம்மா அவுட்டு! சிஸ்டர், நீங்க எழுதுனதை அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். "தலைவலி வரும்னு அவளே சொல்றாளே"ங்கிறாங்க. அடுத்த செக்கப்ல ராத்திரி டூட்டி யாருன்னு முதல்ல கேக்கிறேன்.