பிரேவ்ஸ் ஜெர்சி வாங்கலாமா? பழங்குடிப் பெயர் கொண்ட அணிகள் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி (அட்லாண்டா)

வணக்கம். ஆல்ஃபரெட்டாவுக்குப் புதிது. ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் மேட்ச் போகிறார்கள். கோடரியால் வெட்டுவது போலக் கையை ஆட்டி ஒரு கோஷம் போடுவார்களாமே, அது தப்பு என்கிறார் டீமில் ஒருவர். ஊரே செய்கிறது, உங்களுக்கென்ன என்கிறார் இன்னொருவர். பையனுக்கு ஜெர்சி வேறு வாங்க வேண்டும். எது சரி, எது சிக்கல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்

சகோ, இதை ஒரே கேள்வியாகப் பார்த்தால் குழப்பம்தான் வரும். பெயர், சின்னம், வேஷம், கோஷம் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அணிகளும் இவற்றை ஒவ்வொன்றாகத்தான் கைவிட்டிருக்கின்றன. கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணி 'சீஃப் வாஹூ' என்ற சிவப்பு முகக் கேலிச்சித்திரத்தை 2018 சீசனோடு சட்டையிலிருந்து எடுத்தது. 'இண்டியன்ஸ்' என்ற பெயர் 2021 சீசன் முடியும்வரை இருந்தது. இப்போது பெயர் 'கார்டியன்ஸ்', அந்த ஊர்ப் பாலத்தில் நிற்கும் சிலைகளை வைத்து வந்தது. சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஹாக்கி அணி பெயரையும் சின்னத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ரசிகர்கள் இறகுக் கிரீடம் அணிந்து அரங்கத்துக்குள் வருவதை மட்டும் 2020ல் தடுத்தது. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அதே ஆண்டு கிரீடத்தோடு சேர்த்துப் பழங்குடி பாணியில் முகத்தில் வண்ணம் பூசி வருவதையும் தடை செய்தது. உங்கள் ஊர் பிரேவ்ஸ் 'சீஃப் நாக்-அ-ஹோமா' என்ற வேஷக்காரரை 1986லேயே நிறுத்திவிட்டது. கோஷத்தைத்தான் விடவில்லை.

அந்தக் கைவீச்சுக்கு 'டாமஹாக் சாப்' என்று பெயர். அட்லாண்டாவுக்கு அது 1991ல் வந்தது. அரங்கத்தில் அதற்குத் தடை கிடையாது, மைக்கில் டிரம் அடித்துத் தூண்டிவிடுவதே அணிதான். 2019 பிளேஆஃபில் எதிரணியான செயின்ட் லூயிஸின் பந்துவீச்சாளர் ரயன் ஹெல்ஸ்லி, இது பழங்குடி மக்களைத் தாழ்த்திக் காட்டுகிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் செரோக்கி நேஷன் உறுப்பினர். அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்துக்கு இருக்கைகளில் ஃபோம் கோடரி வைப்பதை அணி தவிர்த்தது. பிறகு கோஷம் திரும்பிவிட்டது. நார்த் கரோலைனாவில் இருக்கும் கிழக்கு செரோக்கி மக்களோடு தங்களுக்கு நல்லுறவு உண்டு என்று பிரேவ்ஸ் சொல்கிறது, அந்த உறவு உண்மைதான். ஆனால் அமெரிக்க இந்தியர் தேசியப் பேரவை இந்தக் கோஷத்தை வெளிப்படையாக எதிர்க்கிறது. ஜார்ஜியா மஸ்கோகீ, செரோக்கி மக்களின் நிலமாக இருந்தது. 1830களில் படையை வைத்து அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள், வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே மண்ணில் நாற்பதாயிரம் பேர் கோடரி வீசுவதுதான் உறுத்துகிறது.

மேட்சுக்குத் தாராளமாகப் போங்கள். கோஷம் எழும்போது கைதட்டினால் போதும், பக்கத்து சீட்காரர் கவனிக்கக்கூட மாட்டார். நான் போட மாட்டேன், போடுபவரோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

ஜெர்சி விஷயம். பிரேவ்ஸ் வழக்கமான சட்டையில் எழுத்துக்குக் கீழே கோடரி இருக்கும். அது வேண்டாம் என்றால் 'ஏ' எழுத்து மட்டும் உள்ள தொப்பி இருக்கிறது, பையன் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போகலாம். வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் பழைய 'ரெட்ஸ்கின்ஸ்' பொருட்கள் பழைய துணிக்கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். சல்லிசு என்று வாங்கிவிடாதீர்கள். அந்தச் சொல் அகராதிகளே வசைச்சொல் என்று குறிக்கும் சொல். தெரியாமல் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால் மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவார். கடையில் புதிதாக விற்கிறார்கள் என்பதும் சான்று அல்ல. வாஹூ படம் போட்ட பொருட்களை கிளீவ்லாண்ட் அணி பிறகும் உள்ளூரில் கொஞ்சம் விற்றது. காரணம் வணிகச் சட்டம்: ஒரு வணிகச் சின்னத்தைத் தொடர்ந்து 3 ஆண்டு பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாகக் கருதப்படும், பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இறகுக் கிரீடம் எந்த மேட்சுக்கும் வேண்டாம், அக்டோபர் ஹாலோவீனுக்கும் வேண்டாம். சமவெளிப் பகுதிப் பழங்குடிகளிடம் ஒவ்வொரு இறகும் ஒரு செயலுக்காக ஈட்டுவது. விளையாட்டுச் சின்னம் வரைந்தவர்கள் அதை எடுத்து எல்லா மக்கள் தலையிலும் வைத்துவிட்டார்கள். இலினாய் பல்கலைக்கழகத்தின் 'சீஃப் இலினிவெக்' ஆடியது லகோட்டா மக்களின் உடையில். இலினாய் மக்கள் வேறு, லகோட்டா வேறு. அந்த வேஷம் 2007ல் நின்றது, 'ஃபைட்டிங் இலினி' என்ற அணிப் பெயர் தொடர்கிறது. இன்னொன்று, சந்தையில் யாராவது அசல் கழுகு இறகு என்று விற்றால் தொடாதீர்கள். கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்ற பழங்குடி உறுப்பினர் அல்லாதவர் வைத்திருப்பதே குற்றம். விசாவில் இருப்பவருக்கு இது தேவையா?

குறுக்குக் கேள்வி (டாலஸ்)

பழங்குடி மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு 'ரெட்ஸ்கின்ஸ்' பெயரால் மனவருத்தமே இல்லை என்று சர்வே வந்ததே? பிறகு யாருக்காக இந்த ஆர்ப்பாட்டம்?

பதில்

அது 2016ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எடுத்தது. 504 பேரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். தன்னைப் பழங்குடி என்று யார் சொல்லிக்கொண்டாலும் கணக்கில் சேர்த்தார்கள், உறுப்பினர் பதிவு கேட்கவில்லை. 2020ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் எடுத்துக் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் பெயர் புண்படுத்துகிறது என்றார்கள். தங்கள் மரபுச் சடங்குகளில் அடிக்கடி ஈடுபடுபவர்களிடம் அது மூன்றில் இரண்டு பங்கு. யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் சர்வேயின் சூட்சுமம். எண்ணிக்கையை விடக் கனமான வாதம் வேறு: அமெரிக்க உளவியல் சங்கம் 2005லேயே இந்தச் சின்னங்களை எல்லாம் நிறுத்தச் சொன்னது, பழங்குடிப் பிள்ளைகளின் தன்மதிப்பைப் பாதிக்கிறது என்று.

வாஷிங்டன் பெயர் மாறியது சர்வேயாலும் அல்ல, வழக்காலும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992லிருந்து வணிகச் சின்னப் பதிவை எதிர்த்து மனுக்கள் போயின. 2014ல் பதிவு ரத்தானது. 2017ல் 'ஸ்லான்ட்ஸ்' என்ற ஆசிய அமெரிக்க இசைக்குழுவின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இழிவான சொல் என்பதற்காகப் பதிவை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்ததால் அந்தக் கதவு மூடியது. கடைசியில் 2020 ஜூலையில் அரங்கப் பெயர் உரிமை வைத்திருந்த ஃபெட்எக்ஸ் பெயரை மாற்றச் சொன்னது. நைக்கி தன் தளத்திலிருந்து சரக்கை இறக்கியது. இரண்டு வாரத்துக்குள் பெயர் போனது. 2022லிருந்து 'கமாண்டர்ஸ்'. 2025ல் அதிபர் டிரம்ப் பழைய பெயருக்கே திரும்பச் சொன்னார், ஆகவே ஆபீஸில் இந்தப் பேச்சு இப்போது அரசியல் பேச்சும்கூட. எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாயைக் கொடுக்காதீர்கள்.

எல்லாப் பெயரும் ஒரே ரகம் இல்லை. நான் முதலில் பார்ப்பது, குறிப்பிட்ட ஒரு பழங்குடி அரசு எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்பதைத்தான். 2005ல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 18 கல்லூரிகளைப் பட்டியலிட்டு, சின்னத்தை வைத்துக்கொண்டு சாம்பியன்ஷிப் நடத்த முடியாது என்றது. புளோரிடா ஸ்டேட் 'செமினோல்ஸ்', புளோரிடா செமினோல் பழங்குடியின் ஒப்புதலைக் காட்டி விலக்குப் பெற்றது. யூட்டா 'யூட்ஸ்', சென்ட்ரல் மிச்சிகன் 'சிப்பேவாஸ்' இவையும் அப்படியே. நார்த் டகோட்டா 'ஃபைட்டிங் சூ' பெயருக்கு ஸ்பிரிட் லேக் மக்கள் சரி என்றார்கள், ஸ்டாண்டிங் ராக் மறுத்தது. இரண்டு பழங்குடிகளின் ஒப்புதலும் வேண்டும் என்பது நிபந்தனை. 2012ல் மாநில மக்களே வாக்களித்துப் பெயரைக் கைவிட்டார்கள். ஒப்புதல் திரும்பியும் போகலாம். ஒஹாயோவில் மயாமி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆதரவை மயாமி பழங்குடி 1996ல் விலக்கிக்கொண்டது, மறு ஆண்டு அணி 'ரெட்ஹாக்ஸ்' ஆனது. ஸ்போகேன் நகரத்துச் சின்ன பேஸ்பால் அணி இன்னும் 'இண்டியன்ஸ்'தான். ஸ்போகேன் பழங்குடியோடு சேர்ந்தே வடிவமைத்து, அவர்கள் மொழியிலேயே பெயர் எழுதிய சட்டையோடு ஆடுகிறது.

ரொறன்ரோவிலிருந்து

இஞ்ச கனடாவில கதை கொஞ்சம் வேற. 'இண்டியன்' எண்ட சொல்லைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியில ஆக்கள் பாவிக்கிறதில்லை. முதற்குடிகள், இனுவிட், மேட்டி எண்டு மூண்டு பிரிவு, அல்லாட்டி அந்தந்த மக்களின்ர பெயரைச் சொல்லுங்கோ. எட்மன்டன் கால்பந்து அணியின்ர பழைய பெயர் 'எஸ்கிமோஸ்', இனுவிட் மக்களை வெளியாக்கள் கூப்பிட்ட சொல். இனுவிட் தலைவர்கள் கனகாலம் மாத்தச் சொல்லிக் கேட்டவை. 2020ல அனுசரணை குடுத்த கொம்பனிகள் விலகத் துவங்கின பிறகுதான் அசைஞ்சது, 2021ல 'எல்க்ஸ்' ஆச்சு. மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகமும் 'ரெட்மென்' பெயரை 2019ல விட்டது.

பிள்ளையளை ஹொக்கி பழக்குற தாய் தகப்பன்மார் கவனிக்க வேண்டியது மிசிசாகா விசயம். அங்க சின்னப் பிள்ளையளின்ர ஹொக்கிக் கழகங்கள் சிலதுக்குப் பழங்குடிப் பெயரும் படமும் இருந்தது. நகரசபையின்ர அரங்கத்தில அதுகள் தொங்கினதால ஒரு பழங்குடித் தகப்பன் மனித உரிமை முறைப்பாடு குடுத்தார். 2018 முடிவில இணக்கத்துக்கு வந்து, பழங்குடி அல்லாத கழகங்களின்ர பழங்குடிப் பெயர், சின்னம் எல்லாத்தையும் நகர அரங்கங்களில இருந்து எடுக்க நகரசபை ஒப்புக்கொண்டது. வேற ஊரில சேர்க்கிறியள் எண்டால், ஜாக்கெட், பாக் வாங்க முதல் கழகத்தில கேளுங்கோ: சின்னம் மாத்துற யோசினை இருக்கோ, இருந்தால் பழைய உடுப்போட ஆட விடுவினமோ எண்டு. ஹொக்கிச் சாமான் விலை உங்களுக்குத் தெரியும்தானே.

செப்டெம்பர் 30 பள்ளிக்கூடத்துக்கு ஒரேஞ்ச் சேட் போட்டு விடச் சொல்லுவினம். பழங்குடிப் பிள்ளையளைக் குடும்பத்தில இருந்து பிரிச்சு வைச்ச வதிவிடப் பள்ளிகளில இறந்த, தப்பின பிள்ளையளை நினைக்கிற நாள் அது. அண்டைக்கு இறகு குத்தி, முகத்தில வர்ணம் அடிச்சு அனுப்பாதேங்கோ. வெறும் சேட் போதும்.

லாங் ஐலண்டிலிருந்து கேள்வி

எங்கள் பள்ளி மாவட்டத்தில் அணிப் பெயர் மாற்றம் பற்றி மீட்டிங் நடக்கிறது. கிரீன் கார்டுகூட இல்லாதவர்கள் போய்ப் பேசலாமா? நியூயார்க்கில் தடை வந்துவிட்டது என்றார்களே?

பதில்

பேசலாம். மாவட்டத்தில் குடியிருந்தால் போதும், குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் வாக்களிக்கத்தான் முடியாது. கூட்ட நிகழ்ச்சி நிரல் மாவட்ட இணையதளத்தில் சில நாள் முன்பே வரும். பொதுமக்கள் பேச முன்பதிவு வேண்டுமா என்று அதில் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள், மணி அடித்ததும் மைக் போய்விடும். ஆகவே எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள். போர்டு உறுப்பினர்கள் அங்கேயே பதில் சொல்ல மாட்டார்கள், அது அவமதிப்பு இல்லை, நடைமுறை. நம்மவர்கள் அங்கே வழக்கமாகச் சறுக்குவது 'நாங்களும் இந்தியர்தானே' என்று ஆரம்பிக்கும் இடத்தில். அதையும் 'ரெட் இண்டியன்' என்ற சொல்லையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2019ல் அரசுப் பள்ளிகளில் பழங்குடிப் பெயர், சின்னங்களுக்கு முதலில் முழுத் தடை போட்டது மெயின் மாநிலம். கொலராடோவில் 2022 ஜூனுக்குப் பிறகும் வைத்திருந்தால் மாதம் 25,000 டாலர் அபராதம். கனெக்டிகட் அபராதம் போடவில்லை, பழங்குடி சூதாட்ட வருமானத்திலிருந்து நகரங்களுக்குப் போகும் மானியத்தை நிறுத்தும். நியூயார்க் 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்து, 2024-25 கல்வியாண்டு முடிவதற்குள் மாற்றச் சொன்னது. பழங்குடி அரசு எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. செனெக்கா மக்களின் நிலத்தில் இருக்கும் சலமாங்கா பள்ளி 'வாரியர்ஸ்' பெயரை அப்படித்தான் வைத்திருக்கிறது. உங்கள் லாங் ஐலண்டிலேயே இருக்கும் மாசபீக்வா பள்ளி மாவட்டம் 'சீஃப்ஸ்' பெயருக்காக வழக்குக்குப் போனது. 2025ல் மத்திய கல்வித் துறை, நியூயார்க் விதியே பாகுபாடு என்று மாசபீக்வா பக்கம் நின்றது. மாநிலம் ஒன்று சொல்ல, மத்திய அரசு வேறு சொல்கிறது.

உங்களுக்குக் காசு சம்பந்தப்பட்ட இடம் இது: அணிப் பெயர் எழுதிய வார்சிட்டி ஜாக்கெட் (பள்ளி அணி ஜாக்கெட்), கிளாஸ் மோதிரம் (பள்ளி முடிப்பவர்கள் போடுவது) இரண்டையும் ஆர்டர் செய்யுமுன் விளையாட்டுப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மாறிய பெயர் திரும்பியும் வரும். கனெக்டிகட்டில் கில்லிங்லி பள்ளி 2019ல் 'ரெட்மென்' பெயரைக் கைவிட்டது. அதே ஆண்டு போர்டு தேர்தலில் எதிர்த்தரப்பு ஜெயித்து, சில மாதத்திலேயே பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது.

கடைசியாக, இந்தத் தலைப்பில் யாரும் கேட்காத, ஆனால் நம்மவர்கள் அடிக்கடி தவறு செய்யும் இடம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'அமெரிக்கன் இண்டியன்' என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். நமக்கு 'ஏஷியன்', அதற்குள் பிரிவு கேட்டால் 'ஏஷியன் இண்டியன்'. சில மாவட்டங்கள் 'இண்டியன் ஸ்டூடன்ட்' தகுதிச் சான்று என்று இன்னொரு தாளும் அனுப்பும், ஈடி 506 என்று எண் இருக்கும். பிள்ளையோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அமெரிக்கப் பழங்குடி ஒன்றில் உறுப்பினராக இருந்தால்தான் அது. பழங்குடிக் கல்விக்கான மத்திய நிதி அந்தத் தலைக்கணக்கை வைத்து வருவதால், தவறாக நிரப்பினால் பள்ளிக்குத் தணிக்கைச் சிக்கல். நிரப்பாமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பள்ளி அலுவலகத்தில் பதிவாளரிடம் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் போதும்.