மாமாவின் ஜெட்டாவோடு வந்த சைக்கிளைப் பிரிக்கலாமா?

ஈசூன்_மருமகன்:
நியூ ஜெர்சியில் இருக்கும் என் மாமாவிடம் 1996 ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா ட்ரெக் இருக்கிறது. வட அமெரிக்காவில் விற்ற சிறப்புப் பதிப்பு. கார் வாங்கினால் கூரைத் தாங்கியும், அதில் மாட்ட ட்ரெக் சைக்கிள் கம்பெனியின் 21 கியர் மவுன்டன் பைக்கும் சேர்ந்தே வரும். கார் இன்னும் ஓடுகிறது. முட்டி வலி வந்ததிலிருந்து சைக்கிள் கராஜ் சுவரில் தொங்குகிறது. "டிசம்பரில் சிங்கப்பூர் வரும்போது கொண்டு வர்றேன், நீ ஓட்டு" என்கிறார் மாமா. அத்தையோ ஜோடியைப் பிரிக்கவே கூடாது என்கிறார். நீங்கள் யார் பக்கம்?

பழைய_வண்டி:
அத்தை பக்கம். சைக்கிள் போய்விட்டால் அது பின்னால் ட்ரெக் சின்னம் ஒட்டிய பழைய ஜெட்டா, அவ்வளவுதான். ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்றை மட்டும் தம்பி வீட்டுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முப்பது வருஷமாகக் காரும் சைக்கிளும் ஒரே கையில் இருப்பதே பெரிய விஷயம். அதைக் கெடுக்காதீர்கள்.

செஸ்நட்_சேறு:
சிறப்புப் பதிப்பாம்! என்ஜின் என்னவோ மற்ற ஜெட்டாவில் இருந்த அதே 2.0 லிட்டர்தான். இதே ஃபோக்ஸ்வாகன் பிறகு ஜெட்டா கே2 என்ற பெயரில் காரோடு பனிச்சறுக்குப் பலகையையும் சேர்த்து விற்றது. எல்லாம் வியாபாரம். சைக்கிளை ஓட்டாமல் மாட்டி வைத்தால் டயர் ஓரம் வெடிக்கும், கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். இங்கே செஸ்நட் பூங்காவில் பாதை இருக்கிறது, புக்கிட் தீமாவில் இருக்கிறது, படகேறினால் உபின் தீவில் கெத்தாம் சைக்கிள் பூங்கா இருக்கிறது. சேற்றில் ஓடச் செய்த வண்டியைச் சேற்றில் விடுங்கள்.

தேக்கா_அக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். காரையும் சேர்த்தே கொண்டு வந்துவிட்டால் சண்டையே இல்லையே?

பழைய_வண்டி:
அக்கா, அது நடக்காது. ஸ்டீயரிங் இடப்பக்கம். அப்புறம், வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பழைய அரிய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டம் ஒன்றுதான், அதற்கு 35 வயது ஆக வேண்டும். 1996 கார் என்றால் 2031. அப்போதும் ஸ்டீயரிங் இடப்பக்கம்தான். வலப்பக்கம் இருந்தாலும் கிளாசிக் வண்டியை வருஷத்துக்கு 45 நாள்தான் வெளியே எடுக்கலாம்.

செஸ்நட்_சேறு:
பார்த்தீர்களா, கார் எந்தக் காலத்திலும் இங்கே வராது. வரக்கூடியது சைக்கிள்தான். அதையும் விடமாட்டேன் என்றால் எப்படி?

பழைய_வண்டி:
நாமெல்லாம் பத்து வருஷத்தில் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமை, முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துப் பழகியவர்கள். புதுப்பித்தாலும் காரைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் பார்ஃப் பணம் போய்விடும், சாலை வரி வருஷா வருஷம் ஏறும். அதனால் ஒரு காரை முப்பது வருஷம் வைத்திருக்கும் ஆளின் மனசு நமக்கு எட்டாது. மாமா இன்று முட்டி வலியில் சரி என்பார். நாளைக்கு அந்தக் காரை ஒருவர் தேடி வந்து "சைக்கிள் எங்கே?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஈசூன்_மருமகன்:
விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

தேக்கா_அக்கா:
விற்காத பொருளுக்கு எதற்கு இத்தனை மதிப்புக் கணக்கு? மாமா ஆசையாகக் கொடுக்கிறார், மருமகன் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் தம்பி, வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் போட்டுவிடாதே. நடக்க 1.2 மீட்டர் வழி விடணும். அதோடு இந்த ஈரத்தில் சங்கிலி ஒரே மாதத்தில் சிவந்துவிடும்.

செஸ்நட்_சேறு:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. மருமகனுக்கு இரண்டு விஷயம். பெட்டியில் கட்டும்போது பெடலைக் கழற்றணும். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருகினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் அழுத்தி, பெடல் மாட்டும் கிராங்க் தண்டையே கெடுத்தவர்கள் உண்டு. இன்னொன்று, 26 அங்குல டயர். இப்போது வரும் மவுன்டன் பைக்கெல்லாம் 27.5, 29. தேடினால் 26-ம் கிடைக்கும், வகைதான் குறைவு. மாமா எவ்வளவு உயரம்?

ஈசூன்_மருமகன்:
ஆறடி. நான் ஐந்தடி நாலு.

செஸ்நட்_சேறு:
அடக் கடவுளே, முதலிலேயே சொல்லக் கூடாதா! கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். 16, 17 அங்குலம் என்றால் தாராளமாக வரட்டும். 20 வந்தால் நானும் அத்தை கட்சிக்கு மாறிவிடுவேன். அந்த உயரத்தில் மேட்டில் சறுக்கி நிறுத்தினால் மேல்குழாய் இடிக்கிற இடம் நல்ல இடம் இல்லை.

பழைய_வண்டி:
அளக்கும்போதே அந்த கிராங்க் அச்சு இருக்கும் குழாயின் அடிப்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கார் வாங்கிய ரசீது இருந்தால் அதையும். சைக்கிள் எங்கே போனாலும் அந்த இரண்டும் காரோடு இருக்கட்டும். கூரைத் தாங்கியை மட்டும் தயவுசெய்து கழற்ற வேண்டாம்.

ஈசூன்_மருமகன்:
இப்போதுதான் பேசினேன். அத்தையே டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போயிருக்கிறார். மாமா அளந்தால் 17 என்றுதான் சொல்வாராம்.