செயின் வழுக்கல்: புதுப்பிப்பு

சைக்கிளில் பாலம் ஏறும்போது பெடல் 'டக்'கென்று வழுக்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. முதலில் பலரும் சொன்னபடி செயினை மட்டும் மாற்றினேன். வழுக்கல் அதிகமாகத்தான் ஆனது!

பழைய செயினை அளந்தபோதுதான் புரிந்தது. ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணி) 24 பின் தள்ளி அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும், எனக்குத் தேய்ந்து நீண்டு 12¼. 12⅛ தாண்டினாலே பற்சக்கரத்தின் பல்லும் தேய ஆரம்பித்திருக்கும். பிரீவீல், அதாவது பின் சக்கரத்தில் இருக்கும் பற்சக்கரம், அதன் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல இருந்தன. அதில் புதுச் செயின் எப்படி உட்காரும்? பிரீவீலையும் மாற்றியதும் நின்றது. முன் பற்சக்கரம் தப்பித்தது.

தப்பு என்னுடையதுதான். செயினில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினேன். வாய்க்கால் கரை மண் அதில் ஒட்டி அரம் மாதிரி அராவியிருக்கிறது. இப்போது செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அப்புறம் வெளியே துணியால் துடைத்துவிடுகிறேன்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து பாலம். நம் ஊரில் மேடு என்றால் அவைதானே! நேற்று ஐந்தையும் நின்று மிதித்தே ஏறினேன், ஒரு வழுக்கல் இல்லை. அறுவடையில் ரோட்டில் பரப்பும் வைக்கோல் பிரீவீலில் சுற்றுவதைத் தடுக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.