உறுமி மாஸ்டர் கட்டுரையில் மூணு வரியை ஏன் எடுத்தீங்க?

லயத்துப் பேரன்:
மலேசியாவில எங்க சுங்கை சிப்புட்ல தைப்பூசமோ சாவு வீடோ, உறுமின்னா நம்ம மாஸ்டர்தான். அவரைப் பத்தித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினேன். நேத்து பார்த்தா மூணு வரி இல்லை. பிறந்த தேதி, தோட்டத்தை வித்தப்போ குடியில விழுந்து எழுந்து வந்தது, முதல் உறுமியை அவரே கட்டினது. எடுத்தது இந்தக் குழுவிலேயே இருக்கிற வேம்படி அக்கா. மூணுமே அவர் வாயால எனக்குச் சொன்னது. ஒரு பொய் இல்லை. ஏன் அக்கா?

வேம்படி:
பொய்யென்று நான் சொல்லவில்லை, தம்பி. உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது கணக்கே வேறு. 2005-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜான் சீகந்தாலர் என்ற பத்திரிகையாளரை, கென்னடி சகோதரர்கள் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ எழுதிவைத்தார். நாலு மாதம் அது அப்படியே கிடந்தது. 78 வயதில் அவரே பத்திரிகையில் எழுதித்தான் ஊருக்குத் தெரிய வந்தது. அதற்கப்புறம் விதிகள் இறுகின. ஒருவர் பெயரைக் கெடுக்கக்கூடிய வரிக்குச் சான்று இல்லையென்றால், விவாதத்துக்குக் காத்திராமல் எடுத்துவிட வேண்டும். குடி பற்றிய வரி அந்த வகை. திண்ணையில் உங்களை நம்பிச் சொன்னதை அவர் பேத்தியின் வகுப்புப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமா? பிறந்த தேதியையும் யோசியுங்கள். நம் ஐசி (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கமே அதுதான். வருஷம் மட்டும் போதும்.

லயத்துப் பேரன்:
ஐசி எனக்குத் தோணவே இல்லை. தேதியை விட்டுடுறேன். ஆனா சான்று, சான்றுன்னா எங்கே போவேன்? பால்மரம் வெட்டினவரைத் தேடி எந்த நிருபர் வந்தார்? 1948 ஜூன் 16-ல நம்ம ஊர்த் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டது எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கு. அந்தத் தோட்டங்களோட லயங்கள்ல, தொழிலாளர் வரிசை வீடுகள்ல, கொட்டின மேளத்துக்கு யார் ஒரு வரி எழுதினா? ரப்பரை அழிச்சுச் செம்பனை போட்டாச்சு, லயமும் போச்சு. இப்போ அவர் பேச்சும் செல்லாதுன்னா, எங்க சனம் இங்கே இருந்ததுக்கு என்ன அடையாளம் மிஞ்சும்?
2011-ல மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவோட செப்பேடி மொழிகள்ல பேச்சுப் பதிவையே சான்றா வைக்கிற முயற்சி விக்கிப்பீடியாவில நடந்திருக்கு. நமக்கு மட்டும் ஏன் ஆகாது?

பழைய வாத்தியார்:
தம்பியின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சில் இல்லை என்று முடிவு கட்டுமுன் தேடினீர்களா? கும்பாபிஷேக மலர், பள்ளி மலர், திருவிழா அழைப்பிதழ் எல்லாம் அச்சுதானே? 1924-ல் தொடங்கி 2019-ல் நின்ற ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. இந்நாட்டில் அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் மலர்களை எத்தனை கோயில்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தன? என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. வந்து பாருங்கள்.

வேம்படி:
ஐயா, எந்தத் தேதியில் எந்தக் கோயிலில் யார் வாசித்தார் என்பதற்கு மலர் போதும். ‘ஈடு இணையற்ற கலைஞர்’ என்று அதில் இருந்தால் அதைக் கட்டுரையில் சேர்க்க முடியாது.
தம்பி, 2011 முயற்சி கேரளத்துத் தெய்யச் சடங்கு, கிராமத்து விளையாட்டு போன்றவற்றைப் பற்றியது. ஒரு சடங்கைப் பலர் சேர்ந்து சொன்னால் சரிபார்க்கலாம். ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்வது அப்படியல்ல.

நாடகக்காரர் மகள்:
நீங்க எழுதுறதைப் பத்தியே பேசுறீங்க. எழுதின பிறகு யார் பார்த்துக்கிறது? எங்கப்பா பேர்ல இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஆர்வமா ஒருத்தர் எழுதிட்டுப் போயிட்டார். பிறகு யாரோ ‘நடித்து வருகிறார்’ங்கிறதை ‘நடித்து வந்தார்’னு மாத்தி, இறந்த தேதியும் போட்டுட்டாங்க. பதினொரு நாள் ஒருத்தரும் கவனிக்கலை. ஈப்போவிலிருந்து அத்தை அழுதுக்கிட்டே போன் பண்ணினாங்க. அப்பாவே போனை வாங்கி, “நான்தான் பேசுறேன்”னு சொன்னார். அன்னைக்கு அவர் சாப்பிடலை. மாஸ்டர் பக்கத்தை, யார் மாத்தினாலும் காட்டுற உங்க கவனிப்புப் பட்டியல்ல வச்சு, அவர் இருக்கிற வரைக்கும் பார்ப்பீங்களா? முடியாதுன்னா எழுதாதீங்க.

லயத்துப் பேரன்:
பார்ப்பேன் அக்கா. இன்னைக்கே பட்டியல்ல சேர்த்துட்டேன்.

வேம்படி:
நானும் சேர்த்துவிட்டேன். உறுமி கட்டிய வரியை எடுத்தது என் அவசரம். அது யாரையும் புண்படுத்தாது. ‘சான்று தேவை’ என்று குறித்திருந்தால் போதும். திருப்பிப் போட்டுவிட்டேன். இன்னொன்று, நீங்கள் ஏற்றிய படம் ஸ்டுடியோவில் எடுத்ததுபோல் தெரிகிறது. அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் போனில் நீங்களே ஒன்று எடுத்துப் போடுங்கள்.

லயத்துப் பேரன்:
சனிக்கிழமை காலையில வாத்தியார் வீடு, சாயங்காலம் மாஸ்டர் வீடு. குடி வரியை அவருக்கே வாசிச்சுக் காட்டப் போறேன். வேணாம்னா அதோட சரி. ஆனா பேச்சுப் பதிவு விஷயத்தில நீங்க சொல்றதை நான் ஒத்துக்கலை, வேம்படி அக்கா. வாரைச் சுத்தி இழுத்து உறுமி கட்டுற விதத்தை அவர் சொல்லச் சொல்லப் பதிவு பண்ணிக்கிட்டு வர்றேன். அவரோட வாசிச்ச ரெண்டு பேரையும் பக்கத்தில உட்கார வைக்கிறேன். பிறகு கட்டுரையோட உரையாடல் பக்கத்தில வச்சுக்கலாம் இந்தச் சண்டையை.