புதுப்பிப்பு: நாய் திருடுபோனால் ஏர்டேக் போதுமா?

நாயின் கழுத்துப் பட்டையில் ஏர்டேக் (தொலைந்த பொருளைத் தேட ஆப்பிள் விற்கும் சின்ன வட்ட டேக்) மாட்டுவது பற்றிய முந்தைய இழையில் அதிகம் பேர் கேட்டது திருட்டைப் பற்றித்தான். வழிதவறிய நாய்க்கு, ஐபோன்கள் நிறைந்த நகரத்தில், ஏர்டேக் நன்றாகவே உதவும். திருட்டுக்கு அதை நம்ப வேண்டாம். அதில் ஜிபிஎஸ் கிடையாது; பக்கத்தில் போகும் ஆப்பிள் கருவிகள்தான் இடத்தைச் சொல்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத தோப்பில் கடைசியாகத் தெரிந்த இடமே காட்டிக்கொண்டிருக்கும். தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும், ஆண்ட்ராய்டிலும்தான்.

சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் என்றால் பொருத்தும் இடம் முக்கியம். பட்டையில் தொங்கவிட்டால் எடை கீழே இழுத்து, ஆன்டெனா தரையைப் பார்க்கும், உடம்பு சிக்னலை மறைக்கும். மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸில், முதுகுப் பக்கம் மேல்நோக்கி வையுங்கள். நாய் தாண்டினால் போனில் அலாரம் அடிக்கும் கற்பனை வேலியின் எல்லையை 20 மீட்டர் என்று வைத்தால், கான்கிரீட் கூரைக்கடியில் ஜிபிஎஸ் இடத்தைத் தவறாகக் காட்டி, வீட்டிலேயே படுத்திருக்கும் நாய்க்கே நடுராத்திரியில் அலாரம் அடிக்கும். 50க்கு மேல் வையுங்கள். இடத்தை விடாமல் காட்டிக்கொண்டே இருக்கும் நேரலை முறை பேட்டரியைக் குடித்துவிடும், நாய் காணாமல்போன பிறகு மட்டும் போடுங்கள்.

திருடன் முதலில் கழற்றுவது பட்டையைத்தான். அதனால் தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப் தனியாக வேண்டும். அது இருப்பிடம் காட்டாது. 15 இலக்க எண்ணை ஸ்கேனரில் படித்து உரிமையை நிரூபிக்க மட்டுமே. உங்கள் போன் எண் மாறினால், அந்தச் சிப் எண்ணோடு உங்கள் விவரம் இருக்கும் பதிவிலும் மாற்றுங்கள்.

ஏர்டேக்கின் சிஆர்2032 பேட்டரியை (நாணயம் போன்ற வட்ட பேட்டரி) நாய் கடித்து விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.