கித்தானே இல்லாத ஓவியம்: கார், கிதார், ஹெல்மெட், ஷூ

அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் போர்ஷே 356 கார் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் விலையைத்தான் சொல்கிறார்கள். 2015 டிசம்பர் ஏலத்தில் 17.6 லட்சம் டாலர். பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு.

1968ல் 3,500 டாலருக்கு அவர் வாங்கிய பழைய கார் அது. அவருடைய இசைக்குழுவில் மேடைச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்த டேவ் ரிச்சர்ட்ஸ், 500 டாலர் கூலிக்கு ஒரு அங்குலம் விடாமல் வரைந்தார். வரைந்து முடித்ததும் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு அடித்தார். பிறகு கார் திருடுபோனது. திருடன் அடையாளத்தை மறைக்கச் சாம்பல் நிறத்தை ஸ்ப்ரே செய்துவிட்டான். கார் திரும்பக் கிடைத்ததும் சாம்பலை மட்டும் எடுத்துவிட முடிந்தது, கீழே ஓவியம் பிழைத்தது. நடுவில் அந்தக் கிளியர் இல்லாவிட்டால் இரண்டு பெயிண்டும் ஒன்றோடொன்று கலந்து பிடித்திருக்கும், சுரண்டினால் ஓவியமும் சேர்ந்து வந்திருக்கும்.

அப்படியும் வெயிலும் மழையும் விடவில்லை. குடும்பத்தார் ஒரு கட்டத்தில் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த சாம்பல் நிறத்துக்கே மாற்றினார்கள். 1990களில் டென்வர் ஓவியர்கள் புகைப்படங்களைப் பார்த்து மறுபடி வரைந்தார்கள். ஏலத்தில் போனது ரிச்சர்ட்ஸின் தூரிகை அல்ல, அதன் நகல்.

*

கிதாரில் இதற்கு நேரெதிர்க் கதை. பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 1964 கிப்சன் எஸ்ஜி கிதாரை 1967ல் 'தி ஃபூல்' என்ற டச்சு ஓவியக் குழு வரைந்தது. சைமன் போஸ்துமா, மரிய்க்கே கோகர் இருவரும்தான் அதில் முக்கியம். பார்க்க அற்புதம், ஆனால் மேல்பூச்சு சரியாக இல்லை. வாசிக்க வாசிக்கப் பெயிண்ட் உதிர ஆரம்பித்தது. பின்னாளில் அதை வைத்திருந்த அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரன் பழுது பார்த்து, மேலே பாதுகாப்புப் பூச்சு போட வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் 12.7 லட்சம் டாலருக்குப் போனது இந்தக் கிதார்தான்.

கிதாரில் எது எங்கே தவறும் என்று சொல்கிறேன். கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் நாள் முழுக்க உரசும் இடம். அங்கே வரையவே வரையாதீர்கள், யார் கேட்டாலும். வியர்வையில் எனாமல் இளகிப் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக வரும். இரண்டாவது, கழுத்து உடலில் உட்காரும் குழி. அதை மாஸ்கிங் டேப் போட்டு மூடாமல் அடித்தால் பூச்சின் கனத்தில் கழுத்து இறுகும் அல்லது கோணும், கம்பியின் உயரம் மாறிவிடும். பட்டன், பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய பாலிஷில் சிலிக்கான் இருந்தால் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி 'பிஷ் ஐ' விழும். அதனால் முதலில் துடைப்பு, பிறகு தேய்ப்பு. மாற்றிச் செய்தால் சிலிக்கானைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். 400 எண் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி 600ல் முடித்தால் போதும், மினுமினுப்பு போய் மங்கலானால் சரி. கட்டை தெரியத் தேய்க்க வேண்டியதில்லை.

*

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 'ராக்கி' என்று அழைத்த கிதாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1961 ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், வெளிர் நீலம். 1967ல் அவரே டே-குளோ என்ற ஒளிரும் பெயிண்டை எடுத்து வரைந்தார், தலைப்பகுதிக்கு மனைவி பாட்டி பாய்டின் மினுக்கும் நகப்பூச்சு.

விளையாட்டாகச் செய்ததுபோல் தெரியும், ஆனால் நகப்பூச்சு நல்ல தேர்வு. அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான். அதில் உள்ள கரைப்பான் அந்தக் காலக் கிதார் லேக்கரை லேசாகக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இப்போதைய பாலியூரித்தேன் கிதார்களில் அப்படிக் கடிக்காது, மேலே சும்மா உட்காரும், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். டே-குளோவின் பிரச்சினை வேறு. ஒளிரும் நிறமிகள் வெயில் பட்டால் மற்ற எல்லா நிறத்துக்கும் முன்னால் வெளுக்கும். வெள்ளை அடிப்பூச்சின் மேல் போட்டால்தான் பளிச்சென்று இருக்கும், மேலே யுவி தடுக்கும் கிளியர் கட்டாயம்.

*

மேலே கிளியர், கிளியர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், ஆனால் எல்லாவற்றின் மேலும் அடிக்க முடியாது. கை வேலைக்கு விளம்பரப் பலகை எனாமல் பயன்படுத்திவிட்டு, இரண்டு நாளில் அதன் மேல் டூகே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பூச்சு) அடித்தால் எனாமல் சுருங்கித் தோல்போல மடியும். எனாமல் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே வாரக்கணக்கில் இளசாகவே இருக்கும். கிளியரில் உள்ள தின்னர் அதை ஊறவைத்துத் தூக்கிவிடுகிறது. ஒன்று, எனாமலுக்கும் ஹார்டனர் கலந்து போடுங்கள். அல்லது கிளியரின் முதல் கோட்டைத் தூறல்போலத் தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் ஈரமான கோட் போடுங்கள். சோதனைத் தகட்டில் பார்க்காமல் அசல் பொருளில் கை வைக்காதீர்கள்.

டூகே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க், என்95 இரண்டும் இதற்குப் பிரயோஜனமில்லை. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி, கையுறை, காற்று வெளியேறும் அறை, இது குறைந்தபட்சம். நாள் முழுக்க அடிப்பவர்களுக்குக் குழாய் வழியே காற்று வரும் முகமூடிதான் சரி.

*

ஹெல்மெட் வரைபவர்களுக்கு: முதலில் ஓடு எதனால் ஆனது என்று பாருங்கள். ஃபைபர்கிளாஸ், கார்பன் என்றால் வரையலாம். பாலிகார்பனேட் என்றால் விட்டுவிடுங்கள். கரைப்பான் பட்டதும் மயிரிழை விரிசல்கள் உள்ளே ஓடும், கண்ணுக்குத் தெரியாது, அடிபடும்போது உடையும். தயாரிப்பாளர்களே பெயிண்ட், ஸ்டிக்கர் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள்.

கண்ணாடி, காற்று வழி மூடிகள், உள் துணி எல்லாம் கழற்றணும். உள்ளே வெள்ளையாக இருக்கும் தெர்மோகோல் நுரையில் ஒரு சொட்டுத் தின்னர் பட்டாலும் குழி விழும், அதனால் உட்புறத்தை முழுக்க மூடி ஒட்டுங்கள். சீக்கிரம் காய வேண்டும் என்று கார் பெயிண்ட் அறையின் சூட்டில் வைத்தால் அந்த நுரை சுருங்கும். அறை வெப்பத்தில் பொறுமையாகக் காயட்டும்.

பந்தய ஹெல்மெட்டில் கனமும் கணக்கு. ஜெர்மனியின் யென்ஸ் முன்சர், ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் ஷூமாக்கருக்கும் வெட்டலுக்கும் வரைந்தவர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படலம் சேரும், டேப் விளிம்பில் படிக்கட்டு மாதிரி மேடு நிற்கும். அதை நிரப்பத் தடித்த கிளியர் போட்டால் எடை ஏறும். நிறத்தையே மெல்லியதாகப் போடுவதுதான் வழி.

*

எடை என்றதும் பிஎம்டபிள்யூ தன் கார்களில் ஓவியர்களை வரையவைத்த 'ஆர்ட் கார்' வரிசை, அதில் அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல். 1979ல் பிஎம்டபிள்யூ எம்1 காரை 28 நிமிடத்தில் தானே தூரிகையால் வரைந்தார், சுமார் 6 கிலோ பெயிண்ட். அதற்கு முன் 1975ல் அமெரிக்கச் சிற்பி கால்டர் சிறிய மாதிரியில்தான் வரைந்தார், அதைப் பார்த்து அசல் காரில் மற்றவர்கள் ஏற்றினார்கள். வார்ஹோல் கார் அந்த வருஷம் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஆறாவது வந்தது, ஆறு கிலோவையும் சுமந்துகொண்டு. அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் 2010ல் வரையவே இல்லை. வினைலில் அச்சிட்டு ஒட்டி மேலே கிளியர் போட்டார்கள். கறாராகச் சொன்னால் அது ஸ்டிக்கர், எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

எனக்குப் பிடித்தது 1991ன் பிஎம்டபிள்யூ 525i கார். வரைந்தவர் தென்னாப்பிரிக்காவின் ந்டெபெலே இன ஓவியர் எஸ்தர் மஹ்லாங்கு. பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சுவர் வரையக் கற்றவர். இந்த வரிசையில் முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். கோழி இறகால் கோடு இழுப்பவர், ஸ்கேல் கிடையாது. சுவரில் நேர்கோடு வேறு. பானெட்டிலிருந்து கதவுக்கு வளையும் தகட்டில் கோடு நேராகத் தெரிய வேண்டுமானால் வளைவுக்கு ஏற்ப அதை வளைத்தாக வேண்டும். கதவு இடுக்குகளில் கறுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சேருகிற இடத்தைப் பாருங்கள், தெரியும். 2016ல் பாடகர் ஜான் லெஜண்டோடு சேர்ந்து வோட்கா பாட்டிலுக்குப் போனதும் இதே கோடுகள்தான்.

*

ஷூவில் எப்படி வரைவது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. தோல் ஷூ என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தொழிற்சாலைப் பூச்சை எடுங்கள், பஞ்சில் பளபளப்பு ஒட்டுவது நிற்கும்வரை. சோல் ஒட்டிய பசை ஓரத்தில் அசிட்டோன் போகக் கூடாது, வாய் பிளந்துவிடும். உள்ளே காகிதம் திணித்து மடிப்புகளை நிமிர்த்துங்கள். சாதாரண அக்ரிலிக் வேண்டாம், விரல் மடங்கும் இடத்தில் முதல் நாளே வெடிக்கும். தோலுக்கென்று வரும் நெகிழும் அக்ரிலிக்கை மூன்று நான்கு மெல்லிய கோட்டாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மஞ்சளும் சிவப்பும் மூடாது, கீழே வெள்ளை வேண்டும்.

பிரபலத்துக்குச் செய்து கொடுப்பதற்கும் அதையே விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. 2021ல் ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸோடு சேர்ந்து எம்எஸ்சிஎச்எஃப் (MSCHF) என்ற அமெரிக்கக் கலைக் குழு நைக்கி ஏர் மேக்ஸ் 97ஐ மாற்றி 666 ஜோடி, ஜோடி 1,018 டாலர் என்று வெளியிட்டது. நைக்கி வழக்குப் போட்டது, வாங்கியவர்களிடம் அசல் விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சமரசம் ஆயிற்று. ஒருவர் தன் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்து வரையச் சொன்னால் வேறு, நீங்களே வாங்கிக் கம்பெனிச் சின்னத்தோடு வரிசையாக விற்றால் வேறு. கூலி பேசும்போதே ஓவியத்தின் படத்தை யார் எங்கே போடலாம், டச் அப் எத்தனை மாதம் இலவசம் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் பாதி, ஸ்கெட்ச் ஒப்புதல் கையெழுத்தோடு, திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் போனால் தனிக் கூலி.